பதினான்காம் அறையின் இரண்டாவது தகடு

நான் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை நாலு மணி. இருட்டிவிட்டிருந்தது. அந்த ஊரில் குளிர்காலம் முழுக்க அப்படித்தான். மதியம் சாப்பிட்டது செரிப்பதற்குள் தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிடும்.

பழைய கட்டடம். நாலு மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்ததும் ஈரக் கம்பளியின் வாடை வந்தது. சுவரோரம் யார் யாருடைய கோட்டுகளோ தொங்கி, சொட்டிக்கொண்டிருந்தன. அறையைச் சூடாக்கும் குழாய்களில் வெந்நீர் ஓடும் சத்தம், பசித்த வயிறு இரைவது போலக் கேட்டது.

வார்டன் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். காதில் பென்சில். எட்டு மாதத்துக்கு முன்பு நான் நிரப்பிய விண்ணப்பம் அவர் கையில் இருந்தது. கணவன், மனைவி, இருவரும் மாணவர்கள், ஒரே படிப்பு, தம்பதிகளுக்கான அறை வேண்டும். அதை நான் மாற்றி எழுதவில்லை.

இரண்டு சாவிகளை எடுத்து வைத்தார்.

"மனைவி எங்கே?"

அவர் பேசியது அந்த ஊர் மொழி. எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

பதில் என்னிடம் தயாராக இருந்தது. மொழி வகுப்பில் கற்றுக்கொண்ட சொற்களை வைத்து விமானத்திலேயே வாக்கியம் அமைத்துவிட்டேன். ஆனால் ஏழு மாதமாக வங்கியில், கேஸ் ஏஜென்சியில், ஃபோன் கம்பெனியில், அவள் வேலை பார்த்த ஆபீசில் என்று அதையே சொல்லிச் சொல்லி அலுத்திருந்தது. ஒரே ஒரு ஆளிடமாவது சொல்லாமல் விடலாம் என்று தோன்றியது.

"பிறகு வருவாள்" என்றேன்.

வார்டன் தலையாட்டினார். எழுந்து வந்து வாசல் பக்கத்துப் பலகையைக் காட்டினார். வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொன்றிலும் பெயர் பொறித்த ஒரு தகடு. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. உள்ளே இருந்தால் பச்சை. வெளியே போனால் சிவப்பு. அவரவர் தகட்டை அவரவர்தான் திருப்ப வேண்டும்.

"தீப்பிடித்தால் நான் இதைத்தான் பார்ப்பேன். பச்சை இருந்தால், உள்ளே ஆள் இருக்கிறது என்று ஒருவன் உயிரைப் பணயம் வைத்து ஏறுவான். விளையாட்டு இல்லை."

பதினாலாம் எண்ணுக்குக் கீழே இரண்டு தகடுகள் இருந்தன. என் பெயர். அதற்குக் கீழே அவள் பெயரும், அதோடு ஒட்டி மறுபடி என் பெயரும். இரண்டும் சிவப்பு.

என்னுடையதைப் பச்சைக்குத் திருப்பினேன். வார்டன் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு அவளுடையதையும் பச்சைக்குத் திருப்பினேன்.

வெளியே குளிராக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

*

அவளுக்கு வந்தது காய்ச்சல். ஒன்பது நாள். எட்டாம் நாள் சாயங்காலம், மருந்து வாங்கக் கிளம்பும்போது "வரேன்" என்றேன். "போயிட்டு வா" என்றாள். திரும்பி வந்தபோது அவளைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தார்கள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவசரத்தில் "நான் போறேன்" என்று சொல்லிவிட்டேன். சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்து, உட்கார வைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்து, "இப்ப ஒழுங்கா சொல்லிட்டு கிளம்பு" என்றாள். அன்றிலிருந்து வாய் தவறியதில்லை.

விடுதியிலும் தவறவில்லை. காலையில் அறையைப் பூட்டும்போது "போயிட்டு வரேன்" என்பேன். அறையில் இரண்டு கட்டில், இரண்டு மேஜை. அவள் கட்டிலுக்குக் கீழே அவளுடைய நீல ரப்பர் செருப்பு. பெட்டியில் அவள் பொருளாக நான் எடுத்து வந்தது அது ஒன்றுதான்.

வகுப்பு, லேப், நூலகம், பஸ். நாங்கள் படிக்க வந்தது நிலத்தடி நீர். பேராசிரியர் வரைபடத்தில் காட்டுவார்: மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது, அடியில் ஓடிக்கொண்டிருக்கும். குறிப்பெடுப்பேன். சாயங்காலம் பொதுச் சமையலறையில் சோறு வடித்து, அறைக்கு எடுத்து வந்து சாப்பிடுவேன். சாப்பிடும்போது ஃபோனில் அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களைப் போட்டுவிடுவேன். மொத்தம் நாற்பத்து மூன்று. "தக்காளி மறக்காத." "எங்கடா இருக்க?" "சும்மாதான் கூப்பிட்டேன், வை." முடிந்ததும் அன்றைக்கு நடந்ததைச் சொல்வேன். சத்தமாகத்தான். அவள் சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்த கதை, அவள் அம்மா வீடு, அந்தத் தெரு, எதை எதையோ.

எதிர் அறையில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தார். ஆராய்ச்சி மாணவி. ஆறு வருடமாக முடிக்காத ஆராய்ச்சி. அதனால் மாடி முழுக்க அவரை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டம் வாங்குவதற்கு முன்பே வாங்கிவிட்ட பட்டம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

மூன்றாவது வாரம் சமையலறையில் பிடித்துக்கொண்டார்.

"என்ன தம்பி, வீட்டுக்காரங்க வந்தாச்சு போல. ஒரு வார்த்தை சொல்லல?"

கரண்டி கையில் நின்றது.

"பாத்தீங்களா அக்கா?"

"எங்க பாக்க விடறாங்க? காலையில நீ போன கொஞ்ச நேரத்துல செருப்பு சத்தம் கேக்கும். சரக், சரக்னு. நான் கதவத் திறந்தா ஆளு படி இறங்கியாச்சு. நாங்க என்ன கடிச்சா தின்னுடுவோம்?"

"கூச்ச சுபாவம்" என்றேன்.

அறைக்கு ஓடினேன். கட்டிலுக்குக் கீழே பார்த்தேன்.

செருப்பு ஈரமாக இருந்தது.

*

அதற்குப் பிறகு கவனித்தேன். காலையில் கிளம்பும்போது அவள் தகடு பச்சை. சாயங்காலம் வந்தால் சிவப்பு. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத் திரும்பினால் பச்சை. திரும்பும் கணத்தை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தகடு மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும்.

மேஜை டிராயரில் வைத்த இரண்டாவது சாவி, கதவுப் பக்கத்து ஆணியில் தொங்கியது. ஜன்னல் கண்ணாடியில் மூச்சு பட்ட வட்டம் ஒன்று, நான் எட்டாத உயரத்தில். அறையில் ஒரு வாடை. வெகுநாள் பூட்டியிருந்த அலமாரியைத் திறந்தால் வருமே, அது.

எனக்குப் பயம் வரவில்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு எனக்குப் பசித்தது. இரண்டு தட்டு வைத்தேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. அவள் செருப்பைக் கழற்றும் அழகு ஊருக்கே தெரியும். ஒன்று வடக்கே பார்க்கும், ஒன்று கவிழ்ந்து கிடக்கும். அவள் அம்மா இருபத்தாறு வருடம் கத்திப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனார். இங்கே செருப்பு இரண்டும் ஜோடியாக இருந்தன. ஸ்கேல் வைத்து அளந்த மாதிரி.

நுனி இரண்டும் என் கட்டிலைப் பார்த்தபடி.

திருந்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். நம்ப வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவனுக்கு எதுவும் தடையில்லை.

*

அந்த மாதக் கடைசியில் தீ ஒத்திகை நடந்தது. பிற்பகல் மூன்றரை. மணி அடித்ததும் எல்லோரும் படியில் இறங்கினோம். ஓடுகிற அவசரத்திலும் தகட்டைத் திருப்ப வேண்டும் என்பது விதி. என்னுடையதைத் திருப்பினேன். அவளுடையது ஏற்கெனவே சிவப்பாக இருந்தது.

கட்டடத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்துமிடம். பனி கணுக்கால் அளவு. மங்கிக்கொண்டிருந்த வெளிச்சத்தில் வரிசையாக நின்றோம். வார்டன் பட்டியலுடன் வந்து அறை எண்ணைக் கூப்பிட்டு, தலை எண்ணி, குறித்துக்கொண்டு போனார்.

"பதினாலு?"

"இருக்கிறேன்."

பென்சிலை நாக்கில் தொட்டார். என்னைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலே பார்த்தார்.

"இரண்டு" என்று எழுதிக்கொண்டு நகர்ந்தார்.



பக்கத்தில் நின்ற டாக்டரம்மா மெல்லத் திரும்பினார். சிரிக்கத்தான் ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. என் கையைப் பிடித்துக் கிசுகிசுத்தார்.

"தம்பி, உங்க வீட்டுக்காரங்க கோட்டே போடல. இந்தப் பனியில ரப்பர் செருப்போட..."

"எங்க நிக்கறா?"

"உனக்குப் பின்னாடி. ரொம்பக் கிட்ட."

நான் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவாள் என்று இருந்தது. கழுத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். குளிர்ந்த மூச்சு. மேலிருந்து கீழே இறங்கியது. அவள் என் தோள் உயரம்தான் இருப்பாள். அதை நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. கண்ணில் நீர் வந்தது. சந்தோஷத்தில் என்றுதான் நினைத்தேன்.

எல்லோரும் உள்ளே போன பிறகு திரும்பிப் பார்த்தேன்.

பனியில் இரண்டு செருப்புத் தடம். என் தடத்துக்கு ஒரு சாண் பின்னால். ஜோடியாக.

அங்கே வந்து நின்றதற்கு வேறு தடமே இல்லை.

*

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாமா இறந்து பல வருடமாகிறது. ஒரே மகள். இப்போது அந்த வீட்டில் அவர் தனி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் செய்வார். "சாப்பிட்டியாப்பா?" "ஆச்சு அத்தை." "குளிரா?" "குளிர்தான் அத்தை." அதற்கு மேல் இருவரும் பேச மாட்டோம். ஃபோனைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருப்போம். அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு அவரிடம் சொல்லிவிடுவது என்று இருந்தேன். உங்க பொண்ணு இங்கதான் இருக்கா அத்தை. எங்கிட்ட வந்துட்டா. வாய் வரை வந்தது. தைரியம் வரவில்லை. லேபில் ஒரு வேலை பாக்கி இருந்தது.

"சரி அத்தை. லேபுக்குப் போயிட்டு வரேன்."

அவர் ஃபோனை வைக்கவில்லை.

"அத்தை?"

"யாருப்பா அது?"

"எது?"

"பக்கத்துல 'போயிட்டு வா'ன்னு சொன்னாங்களே."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. அறை அப்படியே இருந்தது. இந்த உலகத்தில் அந்தக் குரலை என்னைவிட அதிகம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"அத்தை, நீங்களே சொல்லுங்க. அது யாரு குரல்?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தெரிஞ்ச குரல் மாதிரி இல்ல?"

"இல்லப்பா. தமிழே இப்பதான் கத்துக்கிட்ட மாதிரி இருக்கு. உன்ன மாதிரியே இழுத்து இழுத்துச் சொல்லுது. நீ கத்துக் குடுத்தியா?"

வாடை என் பக்கம் நெருங்கி வந்தது.

கத்துக் கொடுத்தேன். ஒன்றரை மாதமாக, தினமும், தட்டு வைத்துக் கத்துக் கொடுத்தேன்.

"அத்தை, நீங்க நினைக்கற மாதிரி இல்ல."

"நான் ஒண்ணும் நினைக்கலப்பா." குரல் உடைந்திருந்தது. "சின்ன வயசு உனக்கு. காலம் பூரா உக்காந்து அழுன்னு நான் சொல்லப்போறதில்ல. ஒரு வருஷம் ஆகட்டும்னுதான்... சரி, விடு. நல்லா இரு. அவ செருப்ப எடுத்துட்டுப் போனியே, அத மட்டும் எனக்கு அனுப்பிடு. வேற யாரும் போட வேண்டாம்."

வைத்துவிட்டார்.

செருப்பை அட்டைப் பெட்டியில் போட்டேன். அத்தையின் முகவரியை ஒரு தாளில் எழுதி மேலே ஒட்டினேன். நூல் சுற்றிக் கட்டினேன். அவ்வளவு நேரமும் கட்டிலின் ஸ்பிரிங் மெல்ல அமுங்கும் சத்தம் கேட்டது.

என் கட்டில் இல்லை. மற்றது.

*

திங்கட்கிழமை காலையில் வார்டனிடம் போய், விமானத்தில் அமைத்த அந்த வாக்கியத்தைச் சொன்னேன். என் மனைவி இறந்துவிட்டாள். இங்கே வருவதற்கு ஏழு மாதம் முன்பே.

வார்டன் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கீழே வைத்தார்.

"அப்படியானால் நீ போனதும் தினமும் இறங்கி வருவது யார்?"

"வந்து என்ன செய்கிறார்கள்?"

"தகட்டைத் திருப்புவாள். வெளியே போய் பஸ் நிறுத்தத்தில் நிற்பாள். நாள் முழுக்க நிற்பாள். சாயங்காலம் உன் பின்னாலேயே உள்ளே வருவாள். உங்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்தேன். நீ ஒருமுறைகூட அவள் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை."

தகட்டை எடுத்துவிடச் சொன்னேன். அவர் பலகையைப் பார்த்தார். பச்சை.

"உள்ளே இருக்கும்போது எடுக்கக் கூடாது. எடுத்தால் ஆள் உள்ளேயே இருக்கும், பலகையில் இருக்காது. வெளியே போகும்போது எடுக்க வேண்டும். திருப்பி வைத்தது நீதானே? நீதான் எடுக்க வேண்டும்."

அன்று இரவு டாக்டரம்மாவின் அறையில் தரையில் படுத்துக்கொண்டேன். என்னவென்று கேட்டார். சொன்னேன். ஒரு போர்வையை எடுத்துக் கொடுத்தார். பிறகு, "குறட்டை விட்டா மட்டும் அந்த ரூமுக்கே அனுப்பிடுவேன்" என்றார். விளக்கை அணைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வழக்கம் போலக் கிளம்பினேன். பதினாலாம் அறைக் கதவைப் பார்த்து "போயிட்டு வரேன்" என்று சொன்னேன். பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை. கட்டடத்தைச் சுற்றி வந்து, பின்கதவு வழியாக வார்டனின் கண்ணாடித் தடுப்புக்குள் குனிந்து உட்கார்ந்தேன்.

பத்து நிமிடம் ஆனது.

சரக். சரக்.

படியில் இறங்கி வந்தது. அவசரமில்லாத நடை. ஈரக் கம்பளி வாடையை மீறி அந்த அலமாரி வாடை வந்தது. கண்ணாடி வழியே பார்த்தேன். எனக்கு யாரும் தெரியவில்லை. தகடு மட்டும் கொக்கியிலிருந்து எழும்பி, திரும்பி, விழுந்தது. சிவப்பு. வாசல் கதவு திறந்தது. குளிர் வந்தது. மூடியது.

வார்டனுக்குத் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்தது.

"எடு. இப்போதே."

எடுத்தேன். கையில் பனிக்கட்டி போல இருந்தது. அவள் பெயர், என் பெயர். மருத்துவமனையில் சொன்னார்கள், மயானத்தில் சாம்பலைக் கையில் கொடுத்தார்கள். ஆனால் எனக்கு அவள் இறந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில்தான்.

வாசல் கதவின் கண்ணாடியில் வெளியிலிருந்து மூச்சு படிந்தது.

என் தலைக்கு மேலே, இரண்டு சாண் உயரத்தில்.

கைப்பிடி ஒருமுறை அசைந்தது. திறக்கவில்லை. மூச்சு வட்டம் சுருங்கி, சுருங்கி, காணாமல் போனது. வார்டன் வெளியே எட்டிப் பார்த்தார்.

"பஸ் நிறுத்தத்தில் இல்லை" என்றார்.

மேலே அறைக்குப் போனேன். அட்டைப் பெட்டி மேஜையில் திறந்து கிடந்தது. நூலை வெட்டவில்லை. முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்து, சுருட்டி வைத்திருந்தது. செருப்பு இல்லை.

மேலே ஒட்டியிருந்த முகவரித் தாளும் இல்லை.

*

இரண்டு ஞாயிறு அத்தை கூப்பிடவில்லை. கோபம் என்று நினைத்தேன். நான் வேறு அறைக்கு மாறியிருந்தேன். ஒரு கட்டில், ஒரு சாவி, ஒரு தகடு. நன்றாகத் தூங்கினேன். வாய்ஸ் மெசேஜ்களைக் கேட்பதை நிறுத்தியிருந்தேன். கேட்கத் தேவையும் இல்லை, எல்லாம் மனப்பாடம்.

மூன்றாவது ஞாயிறு நானே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்பா. அன்னிக்கு என்னென்னமோ பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத."

அவர் குரல் இப்படி இருந்து நான் கேட்டுப் பல மாதமாகிறது. லேசாக இருந்தது.

"செருப்பு வந்துடுச்சுப்பா. யார்கிட்ட குடுத்து அனுப்பின?"



"எப்படி வந்துச்சு அத்தை?"

"காலையில கதவத் திறக்கறேன், வாசல்ல இருக்கு. ஜோடியா, வீட்டப் பாத்து வெச்சிருக்காங்க. கொண்டு வந்தவங்க ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்காம போயிட்டாங்களேன்னு இருந்துச்சு."

"அத்தை, அத உள்ள எடுக்காதீங்க."

"எடுத்தாச்சேப்பா. அவ கட்டிலுக்குக் கீழ வெச்சுட்டேன்."

"ஏன் அத்தை?"

"என்னப்பா கேள்வி இது? வெளிய மழை பெய்யுது."

வெளியே தூக்கிப் போடுங்கள், வீட்டைப் பூட்டிவிட்டு யார் வீட்டுக்காவது போங்கள், நான் நாளைக்கே கிளம்பி வருகிறேன். இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். ஃபோனின் மறுபக்கம் மழைச் சத்தம் கேட்டது. அதற்குள் இன்னொரு சத்தம். சமையலறையிலிருந்து கூடத்துக்கு.

சரக். சரக்.

அத்தைக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"யாரும்மா ஃபோன்ல?"

இழுவை இல்லை. தடங்கல் இல்லை. என் மனைவியின் குரல்.

"உன் வீட்டுக்காரர்தான்" என்றார் அத்தை, என்னிடம் இல்லை. சிரித்தபடி ஃபோனை வைத்துவிட்டார்.

அந்த நாற்பத்து மூன்று செய்திகளும் எனக்கு வரி வரியாகத் தெரியும். அவள் கேட்ட அந்தக் கேள்வி அதில் எதிலும் இல்லை.